கதவைச் சாத்திவிட்டுப் போனவன்

உலகம் மொத்தமாக அழிந்துபோனதை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. மதுரையில், ஒரு மத்தியானக் காட்சியில், கையில் முறுக்குப் பொட்டலத்தோடு பார்த்தேன். ஒரு பக்கம் அப்பாவும் அம்மாவும், இன்னொரு பக்கம் சித்தப்பா. சித்தப்பாவுக்கு வயிற்றில் புற்று, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அன்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவிடம் சொன்னார். அப்பா அம்மாவிடம் சொன்னார். சித்தப்பாவிடம் குடல்புண் என்று சொன்னார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. முறுக்கு வாங்கிக் கொடுத்ததோடு சரி.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. அம்மா வாக்கப்பட்டு வந்தபோது அவர் டவுசர் போட்டுக்கொண்டு மூக்கு ஒழுகத் திரிந்தவராம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மாதான் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஆளாக்கினாள். ஆளாக்கியதில் அவளுக்குப் பெருமை உண்டு. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டதை மட்டும் யாராவது கேட்டால் வாத்தியார் சரியில்லை என்பாள். நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து வெள்ளாமை பார்த்தார்கள். அப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டே நடப்பார், சித்தப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார். இரண்டு பேரும் ஒரே வரப்பில் எப்படி விழாமல் போனார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

சித்தப்பாவுக்கு சினிமா பைத்தியம். அப்பாவுக்கு சினிமா என்றாலே ஆகாது. டவுனுக்கு உரம் வாங்கப் போன சித்தப்பா உரக்கடை அடைத்திருந்ததாகச் சொல்லித் திரும்புவார். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் கதை ஆரம்பித்துவிடும். படம் பார்த்துவிட்டு வந்தவர் பார்க்காதவர்களுக்கு முழுக்கதையும் சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருத்தர் வாங்கின டிக்கெட்டில் ஒரு தெருவே படம் பார்த்துவிடும். சித்தப்பா சொன்னால் சண்டையும் உண்டு, பாட்டும் உண்டு, நடுவில் இடைவேளை விட்டுத் தண்ணீரும் குடித்துக்கொள்வார். அப்பா கயிறு திரிக்கிற சாக்கில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, காது மட்டும் இந்தப் பக்கம் இருக்க, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த சித்தப்பாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். பெண் வேறு யாருமில்லை, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். பரவையில் மாமா வீட்டில் இருந்தாள். முன்பெல்லாம் லீவு விட்டால் எங்கள் வீட்டுக்கு வந்து சித்தப்பாவோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே இருப்பாள். பரிசம் போட்ட நாளிலிருந்து வரவில்லை. கட்டிக்கப்போகிறவன் வீட்டுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் வரக்கூடாதாம். இவ்வளவு நாள் வந்துகொண்டிருந்தவள்தானே என்று நான் கேட்டதற்கு, வாயை மூடு என்று பதில் கிடைத்தது. அந்த வயதில் எனக்கு அதிகமாகக் கிடைத்த பதில் அதுதான்.

ஆடி கழிந்ததிலிருந்து சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணக் கனவில் பசி போய்விட்டது என்று தெருவில் கேலி பேசினார்கள். அவரும் சிரித்துக்கொண்டார். ஐப்பசி பிறப்பதற்குள் சட்டை தொளதொளவென்று தொங்கியது. கம்பவுண்டர் கொடுத்த வெள்ளை மருந்து கேட்கவில்லை. கே.கே. நகரில் ஒரு டாக்டரைப் பார்த்து, அவர் சொன்ன படமெல்லாம் எடுத்து, முடிவு தெரிந்துகொள்ளத்தான் தீபாவளி முடிந்த கையோடு எல்லோரும் போனோம். பள்ளிக்கூடம் லீவு. நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர் அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்த அப்பா நேராகப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அம்மா பக்கத்தில் போய் நின்றாள். அவர் என்னவோ சொன்னார். அம்மாவும் முகம் கழுவினாள். பிறகு அப்பா துண்டால் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்து, குடல்புண்ணுதான், காரம் சேர்க்கக்கூடாதாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"வந்தது வந்தோம், ஒரு படம் பார்த்துட்டுப் போவோமாடா?" என்றார்.

படம் பார்த்ததற்காகத் தம்பியைப் புளியம் விளாறால் அடித்தவர் அவர். சித்தப்பா அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கோயில் கிடாவை வெட்டுவதற்கு முன்னால் குளிப்பாட்டி மாலை போட்டுக் கழுத்தைத் தடவிக் கொடுப்பார்கள். அப்பா அன்று செய்தது அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. டாக்டர் சொல்லித் தெரியவேண்டிய அவசியமே சித்தப்பாவுக்கு இல்லை. அண்ணன் படத்துக்குக் கூப்பிட்டாரே, அது போதும். அவர் சரிண்ணே என்று மட்டும் சொன்னார்.

தமிழ்ப் படத்துக்கு டிக்கெட் இல்லை. தீபாவளிக்கு வந்த படம், கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. கொஞ்ச தூரத்தில் இங்கிலீஷ் படம் ஓடுகிற கொட்டகையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரொட்டியில் இடிந்த கட்டடங்கள், கிழிந்த சட்டையோடு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் பச்சை முகத்தோடு ஏதோ ஒன்று. அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இது என்ன கதைடா என்று அப்பா கேட்டார். உலகம் அழிஞ்ச பிறகு நடக்குற கதைண்ணே என்றார் சித்தப்பா. அப்பா கொஞ்சம் யோசித்தார். தம்பியைப் படத்துக்குக் கூப்பிட்டாகிவிட்டது, இனிப் பின்வாங்க முடியாது. நாலு டிக்கெட் எடுத்தார்.

அந்தப் படத்தை எடுத்தவனிடம் காசில்லை என்பது எனக்கே தெரிந்தது. உலகம் அழிவதை மட்டும் கறுப்பு வெள்ளையில் காட்டினான், மற்றதெல்லாம் கலர். எங்கேயோ கிடந்த படத்துண்டை எடுத்து ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பெரிய வெடி, ஒரு பெரிய புகை, அவ்வளவுதான், உலகம் முடிந்தது. அதற்குப் பிறகு படம் முழுக்க மணலும் பாறையும். ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு, தூரதேசம் போவதாகச் சொன்னார்கள். அதிசய மெஷின் என்று ஒன்றைக் காட்டினான். கல்யாண வீட்டில் மைக்செட்காரர் கட்டுகிற சீரியல் பல்பு அதில் விட்டுவிட்டு எரிந்தது. வெடியில் தப்பினவர்களுக்கு உடம்பில் பச்சைத் தேமல் வரும். தேமல் வந்தவன் கொஞ்ச நாளில் ஆள் மாறிப் பேயாகிவிடுவான். கூட இருப்பவர்களைக் கடிப்பான். கடிபட்டவருக்கும் தேமல் வரும். பேய்க்கு ரப்பர் முகமூடி போட்டிருந்தார்கள், கழுத்துப் பக்கம் அது பிய்ந்திருந்தது. அந்தப் பிய்ந்த பேயே திரும்பத் திரும்பச் செத்தது.

சித்தப்பாவுக்கு என்னைவிட அதிகமாக ஒன்றும் இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அவன் என்ன சொல்கிறான், இவள் என்ன சொல்கிறாள் என்று விடாமல் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா திரையில் இருந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழை பேஞ்சா இதுல கடலை போடலாம்டா" என்றார். அம்மாவுக்கு அந்தப் பெண்ணின் தலைதான் கண்ணை உறுத்தியது. இம்புட்டு முடியை வச்சுக்கிட்டு ஒரு சொட்டு எண்ணெய் வைக்க ஆளில்லாமப் போச்சே என்று பரிதாபப்பட்டாள். அதைச் சொல்லும்போதே அவள் அழுதுகொண்டிருந்தாள். படத்துக்கு அழுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அழுகிற மாதிரி படத்தில் அதுவரை ஒன்றும் வரவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

கடைசியில் எல்லோரும் செத்து, ஒரே ஒரு ஆணும் ஒரே ஒரு பெண்ணும் மிஞ்சினார்கள். பூமிக்கடியில் இரும்புக் கதவு போட்ட ஒரு அறையைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே தகர டப்பாக்களில் சாப்பாடு, பீப்பாயில் தண்ணீர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாட்டு மாதிரி இசை வந்தது. அவன் அவளை அணைத்துக்கொண்டான்.

உடனே கொட்டகையில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதுதான் கணக்கு. நாயகனும் நாயகியும் சேர்ந்துவிட்டால் படம் முடிந்தது, அதற்குப் பிறகு உட்கார்ந்திருப்பவனுக்கு பஸ்ஸில் இடம் கிடைக்காது. போலீஸ் வந்து வில்லனுக்கு விலங்கு மாட்டுவதையெல்லாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. எத்தனையோ படங்களில் இந்தக் கணக்கு தப்பியதில்லை. சினிமாவுக்கே வராத அப்பாவுக்குக்கூட இது தெரிந்திருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

சித்தப்பா எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். "நீங்க போயி பஸ்ஸுல துண்டைப் போட்டு இடம் பிடிங்கண்ணே. கூட்டம் கலையட்டும், பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நான் மெதுவா வாரேன்" என்றார். தம்பியை நிற்க வைத்துக் கூட்டிப்போகக் கூடாது என்கிற அவசரத்தில் அப்பா கிட்டத்தட்ட ஓடினார். அம்மாவும் பின்னாலேயே போனாள்.

மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். கதவுகளைத் திறந்துவிட்டதில் வெயில் உள்ளே வந்து திரையில் பாதி வெளுத்துப்போனது. மிச்சப் பாதியில் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் லாந்தரைப் பக்கத்தில் இழுத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுப் பார்த்தான். முழங்கைக்கு மேலே பச்சையாக ஒரு தேமல். அவன் அதைத் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை. பிறகு எழுந்து தண்ணீரை அவள் தலைமாட்டில் வைத்தான், துப்பாக்கியையும் வைத்தான். அவளைத் தொடப் போனவன் கையை இழுத்துக்கொண்டான். படியேறி வெளியே போய் இரும்புக் கதவைச் சாத்தி, ஒரு கம்பியைக் குறுக்கே செருகிவிட்டு, அதே பாறையைத் தாண்டி மணலில் நடந்தான். அவள் விழித்துக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை. புள்ளி மாதிரி ஆகிற வரைக்கும் அவனைக் காட்டிவிட்டு, இங்கிலீஷில் முடிந்தது என்று எழுத்துப் போட்டுவிட்டார்கள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் பாவமில்லையா, ஏன் சொல்லாமல் போகிறான் என்று சித்தப்பாவைப் பிடித்து உலுக்கினேன். அவர் வெள்ளையாகிப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ நல்லா இருக்கணும்ல, அதான் போறான்" என்றார்.

"அப்ப அவளுக்கு யாரு கதவைத் தெறந்து விடுவா?"

யாராச்சும் வருவாக என்று ரொம்ப நேரம் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வந்தபோது சொன்னார். நான் அதற்குள் வேறு எதையோ வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

அப்பா துண்டு போட்டுப் பிடித்த இடத்தைக் காவல் காத்துக்கொண்டு, ஏறுகிறவர்களோடெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். படம் முடிஞ்ச பிறகும் அங்கே என்னடா பண்ணிக்கிட்டு இருந்தீங்க என்று கேட்டார். சும்மாத்தாண்ணே உட்கார்ந்திருந்தோம் என்றார் சித்தப்பா. அன்று சாயங்காலம் தெருவே வந்து உட்கார்ந்தது. சித்தப்பாவோ எதைக் கேட்டாலும் ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்க, சுபம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். இப்படி ஒரு நாளும் அவர் கதை சொன்னதில்லை.

பெரியவர்களுக்குள் நடந்ததெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். கல்யாணத்தை நிறுத்திவிட வேண்டும் என்று அம்மா அப்பாவிடம் கெஞ்சியிருக்கிறாள். எந்த அக்கா தெரிந்தே தங்கையைத் தாலியறுக்க உட்கார வைப்பாள் என்று கேட்டிருக்கிறாள். அப்பா கேட்கவில்லை. நிறுத்தினால் அவனுக்குத் தெரிந்துபோகும், தெரிந்த அன்றைக்கே செத்துவிடுவான் என்பது அவர் வாதம். டாக்டர் சொல்வதெல்லாம் நடந்துவிடுகிறதா, கல்யாணம் ஆனால் தெளிந்துவிடுவான் என்றும் சொன்னாராம். அதை அவர் உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் என் தலையில் அடித்து அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பரவையில் ஒரு ஆளிடமும் மூச்சு விடக்கூடாது. நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேனாம். பெற்ற பிள்ளையா, கூடப்பிறந்தவளா, வளர்த்த கொழுந்தனா என்று அந்த ஐப்பசி முடிகிற வரைக்கும் அம்மா செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் ரசம் உப்புக் கரித்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு பரவைக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சொல்லவும் முடியாது, சொல்லாமல் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. சின்னம்மா கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா எதிரில் உட்கார்ந்து அரிசி புடைக்க ஆரம்பித்தாள். அங்கேயும் வழக்கம் வழக்கம்தான். படம் பார்த்தியாமே, கதையைச் சொல்லுடி என்றாள் சின்னம்மா. யார் யாரெல்லாம் கூட வந்தார்கள் என்பதையும் ஒன்றுமே தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டாள்.

சித்தப்பா விட்டுவிட்ட கதையை நான் சொன்னேன். வெடி, புகை, பிய்ந்த பேய், எல்லாம் நடித்துக் காட்டினேன். கடைசிக்கு வந்து அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனதைச் சொன்னதும் அம்மா இடையில் புகுந்தாள்.

"பொய் சொல்லாதடி. ரெண்டு பேரும் சேர்ந்ததோட முடிஞ்சுபோச்சு."

"நீங்க எந்திரிச்சுப் போனதுக்கப்புறம்தாம்மா இது வந்துச்சு. நானும் சித்தப்பாவும் பார்த்தோம்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஒன் சித்தப்பனும் பார்த்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். என்ன சொன்னான் என்று கேட்டாள். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவன் போகிறான், இதுதான் சித்தப்பா சொன்னது என்றேன். அம்மா முறத்தை எடுத்து, புடைத்து முடித்த அரிசியையே மறுபடியும் புடைத்தாள்.

சின்னம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கிறுக்குப்பய. அவளை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டுருக்க வேண்டாமா?" என்றாள். "தேமல்தான வந்துச்சு. வந்தா ரெண்டு பேருக்கும் வந்துட்டுப் போகுது." சொல்லிவிட்டு அடுத்த ரவிக்கையை எடுத்தாள்.

கார்த்திகையில் ஜவுளி எடுக்க நாள் பார்ப்பதற்காக மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் அண்ணன், தகப்பன் இல்லாத தங்கைகளுக்கு அவர்தான் எல்லாம். பொட்டியும் பூவும் பழமுமாக நாலு சொந்தக்காரர்களோடு வந்திருந்தார். வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. சித்தப்பா குளித்து, பவுடர் போட்டு, வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே, தனக்கு இந்தப் பெண் வேண்டாம் என்றார்.

யாரும் முதலில் நம்பவில்லை. சித்தப்பாவுக்கு விளையாட்டு ஜாஸ்தி என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மறுபடியும் சொன்னார். பட்டிக்காட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மாரடிக்க முடியாது, யுனிவர்சிட்டி பக்கம் படித்த பெண் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் யுனிவர்சிட்டி காம்பவுண்டுக்குள் போனது ஒரே ஒரு தடவை, ஓடிப்போன எங்கள் கன்றுக்குட்டியைத் தேடிக்கொண்டு. அதைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுத்தபோது அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

அப்பா எழுந்து கையை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது. அந்த உடம்பில் எந்த இடத்தில் அடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓங்குன கை ஏன் மச்சான் நிக்கிது? உங்க தம்பி மேல அம்புட்டுப் பாசமா? அப்ப எங்க வீட்டுப் பொண்ணு என்ன, நாதியத்தவளா?"

அப்பா கையை இறக்கிக்கொண்டார். பதில் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தம்பி பக்கத்திலேயே நிற்கிறான். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி, கொண்டுவந்த தட்டோடு வெளியேறினார். தெருவே கூடி நின்று சித்தப்பாவைத் திட்டியது. அவரிடம் கதை கேட்டு வளர்ந்த தெரு அது. பொம்பளப் பிள்ளை பாவம் சும்மா விடாது என்று மண்ணை வாரித் தூற்றியவர்களும் உண்டு. அப்பா சாப்பிடாமல் வயலுக்குப் போய்விட்டார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தனக்கு என்ன நோய் என்று தம்பிக்குத் தெரியாது என்ற நம்பிக்கையோடு அப்பா கடைசி வரைக்கும் மோரும் கஞ்சியும் கொடுத்துக் குடல்புண்ணுக்கு வைத்தியம் பார்த்தார். சித்தப்பாவும் குடல்புண்காரராகவே இருந்தார்.

மாமா ரோஷக்காரர். குறித்த அதே தையில், மில்லில் வேலை பார்த்த ஒருவருக்குச் சின்னம்மாவைக் கட்டிக் கொடுத்துவிட்டார். பங்குனி பிறக்கவில்லை, சித்தப்பா போய்விட்டார். துட்டிக்கு வந்த மாமாவுக்கு அன்றுதான் விஷயம் தெரிந்தது. வாசலை மிதிக்க மாட்டேன் என்றவர் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். புதுப்பெண்ணைத் துட்டி வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், அதனால் சின்னம்மா வரவில்லை. அவளிடம் எப்போது சொன்னார்கள், அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். சித்தப்பா பேச்சு வந்தால் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவாள்.

சித்தப்பா செய்தது பெரிய காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் படத்தின் முடிவு எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. போகிறவன் பின்னாலேயே போய் அவன் புள்ளியாகிற வரைக்கும் படத்தை எடுத்தவன் காட்டினானே, கதவுக்கு உள்ளே நின்று தட்டினவளை ஒரு நிமிஷம் காட்டினானா? அவனுக்குத்தான் காசில்லை என்றால், எங்கள் வீட்டிலும் சின்னம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

மாமா கோபித்துக்கொண்டு போன அந்த மத்தியானம், தெருவில் சத்தம் அடங்கியதும் அம்மா கொல்லைப்பக்கம் போனாள். அங்கே துவைக்கிற கல்லில் சித்தப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஊரே அவரைத் திட்டித் தீர்த்துவிட்டது, அம்மா மட்டும்தான் பாக்கி. கூடப்பிறந்தவளைப் பட்டிக்காடு என்று சொன்னவரை இலேசில் விட மாட்டாள், நல்ல வேடிக்கை இருக்கும் என்று நானும் பின்னாலேயே போனேன்.

அம்மா வேலிக்கு அந்தப்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவர் முன்னால் மண்டி போட்டுக் குனிந்தாள். அவளைவிட இளையவர், அவள் மூக்குத் துடைத்து வளர்த்த பிள்ளை. அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

"மதினி, என்ன இது? எந்திரிங்க. அண்ணன் பாத்துரப் போறாரு."

அம்மா எழுந்திருக்கவில்லை. அவர் கால் இருந்த இடத்தில் இரண்டு கையையும் மண்ணில் ஊன்றிக் குனிந்தபடியே இருந்தாள். அவளுடைய தோட்டுத் திருகாணிதான் கழன்று விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். மிதிச்சிராதீங்க சித்தப்பா என்று சொல்லிவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைக் கையால் துழாவித் தேட ஆரம்பித்தேன்.